வீட்டுச் சேமிப்பகத்துக்கு வைஃபை எதுவரை போதும்: மலையக வீடுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர், பெட்டியின் மேல் 1200, 1800, 3000 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார். வீட்டு வலையமைப்பில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்பகமான நாஸ் (NAS) பெட்டி ஒன்றை வைத்து, குடும்பத்தின் ஒளிப்படங்கள், கல்யாண வீடியோக்கள், பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க நினைக்கிறவருக்கு அந்த எண் பெரிதாக உதவாது. 1200 என்று எழுதிய வைஃபை 5 ரவுட்டரில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குரிய, செக்கனுக்கு 300 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குரிய 867 மெகாபிட்டையும் கூட்டி, வந்ததை முழு எண்ணாக்கிப் போட்டிருக்கிறார்கள். வைஃபை 6 வரையான தலைமுறைகளில் ஒரு மடிக்கணினி ஒரு நேரத்தில் இந்த இரண்டு பட்டைகளில் ஒன்றில் மட்டுமே பேசும் என்பதால், அந்தக் கூட்டுத்தொகை எவருடைய மேசைக்கும் வந்து சேராத வேகமாகும்.

அந்த 867 கூட கோப்பு நகரும் வேகம் அல்ல. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அதை எட்டால் வகுத்தால் செக்கனுக்கு 108 மெகாபைட் வரும். வைஃபையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். பேசுமுன் வெளி காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும், பெற்றவர் பெற்றேன் என்று பதில் அனுப்புவதும், பதில் வராதபோது மறுபடி அனுப்புவதும் அதே நேரத்திலிருந்துதான் கழிகின்றன. கோப்புக்கென மிஞ்சுவது பொதுவாக இணைப்பு வேகத்தின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான். ஆகவே இரண்டு அன்டெனா கொண்ட வைஃபை 5 மடிக்கணினி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருக்கும்போது 55 முதல் 70 மெகாபைட் வரையும், 1201 மெகாபிட்டில் இணையும் வைஃபை 6 மடிக்கணினி 80 முதல் 100 மெகாபைட் வரையும் தருமென எதிர்பார்க்கலாம். வின்டோஸின் டாஸ்க் மனேஜர் வேகத்தை பிட் கணக்கிலும் கோப்பு நகலெடுக்கும் சாளரம் பைட் கணக்கிலும் காட்டுவதால், இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் பலர்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மடிக்கணினியிலிருந்து வீட்டு நாஸுக்குப் போகும் தரவு வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இணைய வேகம் 10 மெகாபிட்டாக இருந்தாலும் 100 ஆக இருந்தாலும் இந்த நகலெடுப்பில் மாற்றம் இராது. மாதப் பொதியிலிருந்து ஒரு மெகாபைட்டும் கழியாது. டேட்டா தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் நாஸ் வாங்கத் தயங்குகிறவர்கள் மலையகத்தில் உண்டு. உண்மையில், கிகாபைட் எண்ணிச் செலவழிக்க வேண்டிய 4ஜி இணைப்பு உள்ள வீட்டுக்குத்தான் இணையவழிச் சேமிப்பை விட வீட்டுச் சேமிப்பகம் அதிகம் பொருந்தும்.

ஒப்பீட்டுக்கு அளவுகோலாகக் கம்பியை வைத்துக்கொள்வோம். சாதாரண செப்புக் கம்பிக்கென 1999இல் தரநிலையாக வந்த கிகாபிட் ஈதர்நெட், 100 மீற்றர் வரை, ஒவ்வொரு துண்டுத் தரவோடும் சேர்ந்து போகும் முகவரி விவரங்களுக்கான செலவு போக ஏறத்தாழ 940 மெகாபிட்டைக் கோப்புக்குத் தருகிறது. கோப்பு நகலெடுக்கும் சாளரத்தில் இது 110 முதல் 115 மெகாபைட் வரை தெரியும். இந்த வேகம் மழை நாளிலும், பக்கத்து வீட்டார் எல்லோரும் கிரிக்கெட் பார்க்கும் மாலையிலும் மாறாது. ஆனால் ஒரு பொறி உண்டு. மலிவான ரவுட்டர்கள் பலவற்றிலும் 4ஜி ரவுட்டர்கள் கணிசமானவற்றிலும் உள்ள, கம்பி செருகும் லேன் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாதவை. அப்படிப்பட்ட துளையில் நாஸைச் செருகினால், வைஃபை எந்தத் தலைமுறையாக இருந்தாலும், கம்பி எத்தனை தரமானதாக இருந்தாலும், செக்கனுக்கு 11 அல்லது 12 மெகாபைட்டே உச்ச வரம்பு. வைஃபை மெதுவாக இருக்கிறது என்று வரும் முறைப்பாடுகளில் ஒரு பகுதி உண்மையில் இந்தத் துளையைப் பற்றியது என்றே நான் கருதுகிறேன். ரவுட்டர் வாங்கும்போது பெட்டியின் முகப்பை விட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் துளை விவரத்தைப் படிப்பது பயன் தரும்.

இனி வைஃபைக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. வைஃபை 4 கருவி இரண்டு அன்டெனாவோடு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அதிகபட்சம் 144 மெகாபிட்டில் இணையும். கோப்புக்குக் கிடைப்பது நல்ல சூழலில் 8 மெகாபைட், நெரிசலில் 3 அல்லது 4. லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள காம்பராக்களிலும், ஹட்டன் நகரத்தின் கடைகளுக்கு மேலுள்ள வீடுகளிலும் இந்த நெரிசல் தவிர்க்க முடியாதது. பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே மூன்று அலைவரிசைகளுக்குள் முறை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியின் அன்றாடப் படங்களை நாஸுக்கு அனுப்ப இது போதும். பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும்கூடப் போதும். 200 கிகாபைட் பழைய சேமிப்பை இதன் வழியாக ஏற்ற நினைத்தால், செக்கனுக்கு 7 மெகாபைட் என்று தாராளமாக வைத்தாலும் எட்டு மணித்தியாலம் ஆகும்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கதை வேறு. அகலமான அலைவரிசைகள் உண்டு, வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் அது தளர்கிறது. தளர்ச்சி சீராக நடப்பதில்லை, படிப்படியாக நடக்கிறது. 867 மெகாபிட்டில் இணைந்த மடிக்கணினி, அலை வலிமை குறையக் குறைய 780, 650, 585, 520, 390, 260 என்ற படிகளில் இறங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் இழப்பும் வலிமையைப் பாதியாக்குவதால், ஒரு தடித்த சுவர் பல படிகளை ஒரேயடியாக இறக்கிவிடக்கூடும். கைத்தொலைபேசியில் கிடைக்கும் இலவச வைஃபை அளவிச் செயலிகள் வலிமையை டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் 50 அளவில் இருந்தால் மேற்சொன்ன முழு வேகத்தை எதிர்பார்க்கலாம். மைனஸ் 65இல் அதன் பாதியை எதிர்பார்க்கலாம். மைனஸ் 75க்குக் கீழே போனால் வேறு வழி தேடுவதே நல்லது.

ஆகையால் எது நல்ல ரவுட்டர் என்ற கேள்விக்கு முன், எது உங்கள் வீட்டுச் சுவர் என்ற கேள்வி நிற்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடியில் எழும் புதிய தனி வீடுகளில், ரவுட்டரை நடுவில் வைத்தால், எந்த மூலைக்கும் இடையே சீமெந்துக் கல் சுவர் ஒன்றோ இரண்டோதான் வரும். அங்கே சாதாரண வைஃபை 5 ரவுட்டரே 30 முதல் 60 மெகாபைட் வரை தரும் என்பது என் கணிப்பு. கூடுதல் பணம் கொடுத்துப் பெரிய ரவுட்டர் வாங்கத் தேவையில்லை. லயக் காம்பராவில் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தளர்வது அங்கே வரமாகவே அமைகிறது. பக்கத்துக் காம்பராவின் அலையும் நம்மிடம் வலுவிழந்தே வந்து சேரும்.

பழைய தோட்டத்துப் பங்களாக்களில் நிலைமை நேர்மாறானது. கருங்கல்லால் தடிப்பாகக் கட்டிய சுவர்களும், அறைகளுக்கு நடுவே கல்லும் சாந்துமாய் எழுந்து நிற்கும் கணப்புகளும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றன. இப்படிப்பட்ட ஒரு சுவரைத் தாண்டியபின் 15 அல்லது 20 மெகாபைட் கிடைத்தால் அது நல்ல முடிவு. இரண்டைத் தாண்டினால் இணைப்பே அறுந்து அறுந்து வரும், மடிக்கணினி தானாகவே 2.4 பட்டைக்கு இறங்கிவிடும். ரவுட்டரை மாற்றினால் இது பெரிதாகத் திருந்தாது. விலை உயர்ந்த ரவுட்டருக்கும் அனுப்பும் வலிமைக்கு வரம்பு உண்டு. மடிக்கணினியின் சிறிய அன்டெனா அதைவிட மெலிந்த குரலில்தான் பதில் பேசும், நாஸுக்குக் கோப்பு அனுப்புவது அந்தக் குரல்தான்.

சரிவில் கட்டிய வீடுகளை மூன்றாவது வகையாகச் சொல்லலாம். வீதி மட்டத்தில் கடையோ வரவேற்பறையோ இருக்க, அதற்குக் கீழே மலையைக் குடைந்த தளத்தில் படுக்கையறைகள் இருக்கும். இடையில் உள்ள கொங்கிரீட் தட்டினுள் கம்பிக் கூடு இருப்பதால், மேலே உள்ள ரவுட்டர் கீழே மங்கிவிடுகிறது. இந்த வகை வீட்டில் கீழ்த்தளத்துக்கு ஒரு கம்பியை இறக்கி அங்கே இரண்டாவது வைஃபை புள்ளியை வைப்பதை விடச் சிறந்த தெரிவு எனக்குத் தெரியவில்லை. துளையிட வேண்டியது ஒரே இடம், கம்பி பத்து மீற்றருக்குள் முடிந்துவிடும்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. ஃபைபர் இணைப்பு எட்டாத பள்ளத்தாக்குகளில் 4ஜி ரவுட்டரை வைக்கும் இடத்தை வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை. எதிர் மலையில் நிற்கும் கோபுரம்தான் தீர்மானிக்கிறது. சிக்னல் ஒரே ஒரு ஜன்னலில்தான் கிடைக்கும் என்றால் ரவுட்டர் அந்த ஜன்னலுக்கே போக வேண்டும், அது வீட்டின் கோடியாக இருந்தாலும். இணையத்துக்கு நல்ல அந்த இடம் நாஸுக்கும் மடிக்கணினிக்கும் மிக மோசமான இடமாக அமைந்துவிடுகிறது. போதாததற்கு அந்த ரவுட்டரின் துளையும் பெரும்பாலும் 100 மெகாபிட்.

இதற்குத் தீர்வு இரண்டு வேலைகளையும் பிரிப்பதுதான். 4ஜி ரவுட்டர் ஜன்னலிலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கம்பியை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, பல வலையமைப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து துளை கிகாபிட் சுவிட்ச் ஒன்றில் செருகி, நாஸையும், அக்சஸ் பொயின்டாக (கம்பியில் வருவதை வைஃபையாகப் பரப்பும் கருவியாக) மாற்றி அமைத்த வைஃபை 5 அல்லது வைஃபை 6 ரவுட்டர் ஒன்றையும், மேசைக் கணினி இருந்தால் அதையும் அதே சுவிட்சில் இணைக்க வேண்டும். ஒரே வலையமைப்புக்குள் மடிக்கணினியும் நாஸும் பேசும்போது தரவு சுவிட்சின் வழியாகவே போய் வரும். ஜன்னலில் உள்ள ரவுட்டரின் 100 மெகாபிட் துளை அந்தப் பாதையில் வராது. இந்த ஒப்பீட்டில் வரும் கருவிகளில் மிக மலிவானவற்றுள் ஒன்று அந்த சுவிட்ச். அதிகப் பலன் தருவதும் அதுதான். அமைக்கும்போது இரண்டாவது ரவுட்டரில், கருவிகளுக்கு வலையமைப்பு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) வசதியை நிறுத்திவிடுவது அவசியம். இல்லையெனில் இரண்டும் தனித்தனியே முகவரி கொடுக்கத் தொடங்கி, சில நேரம் நாஸ் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

மூடுபனி இறங்கினால் வைஃபை மெதுவாகும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. சில பத்து மீற்றர் தூரத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மூடுபனியோ மழையோ ஏற்படுத்தும் இழப்பு கணக்கில் எடுக்கத்தக்கதல்ல. ஈரம் ஊறிய சுவர் காய்ந்த சுவரை விடச் சற்று அதிகமாக விழுங்கும் என்பது உண்மை. மற்றபடி, மழை நாளில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து ஒரே நேரத்தில் வைஃபையைப் பயன்படுத்துவதை முதலில் சந்தேகிக்கலாம்.

வைஃபையைத் தெரிவு செய்கிறவர் எந்த வீட்டிலும் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: நாஸ் பெட்டி கம்பியில்தான் இருக்க வேண்டும். நாஸும் வைஃபையில், மடிக்கணினியும் வைஃபையில் என்றால், ஒவ்வொரு துண்டுத் தரவும் ஒரே வெளியில் இரண்டு முறை பயணம் செய்கிறது; ஒரு முறை ரவுட்டருக்கு, மறுமுறை அங்கிருந்து நாஸுக்கு. அறையிலேயே 60 கிடைத்த இடத்தில் 30 கூட வராது. ஒற்றை அட்டையில் அமைந்த சிறு கணினியான ராஸ்பெரி பை 4ஐ நாஸாக மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2019இல் வெளிவந்த அந்தச் சிற்றட்டையில் முழுமையான கிகாபிட் துளையும் யூஎஸ்பி 3 துளைகளும் உள்ளன, ஆனால் அதன் வைஃபை ஒற்றை அன்டெனா கொண்டது. அதற்கு முந்தைய 3பி பிளஸில் கிகாபிட் துளை இருந்தும் அது யூஎஸ்பி 2 வழியாகவே இணைக்கப்பட்டிருந்ததால் 300 மெகாபிட்டைத் தாண்டாது. நாஸுக்கென்று அதைப் புதிதாக வாங்குவதில் பொருளில்லை.

அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிபீட்டர்கள் இதே இரட்டைப் பயணத்தால் வேகத்தைப் பாதியாக்குகின்றன. வீட்டின் பல இடங்களில் முனைகளை வைத்து ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் தொகுதிகளும், முனைகளுக்கு இடையே கம்பி இல்லாமலும் தனிப் பட்டை இல்லாமலும் இயங்கினால், நாஸ் வேலைக்கு அதே குறையையே காட்டும். கம்பி இழுக்க முடிந்தால் மெஷ் நல்லது. ஆனால் அப்போது அது கம்பித் தெரிவாகவே ஆகிவிடுகிறது. வீட்டு மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் பவர்லைன் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டியில் 600 என்றிருக்கும் பலவற்றின் துளையே 100 மெகாபிட்தான். பழைய மின்னிணைப்பும், இடியிலிருந்து காக்கச் செருகிய சர்ஜ் புரொடெக்டர்களும் அந்த அலையை விழுங்கிவிடும்.

ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஒரு வன்தட்டைச் செருகி அதையே சேமிப்பகமாக்குவது மலிவான வழி. இருந்தாலும் யூஎஸ்பி 2 துளை 35 முதல் 40 மெகாபைட்டுக்கு மேல் தராது. ரவுட்டரின் சிறிய புரொசஸர் அதையும் பாதியாகக் குறைத்துவிடுவது வழக்கம். பழைய ரவுட்டர்கள் பல, எஸ்எம்பி 1 (SMB 1) என்ற பழைய கோப்புப் பகிர்வு மொழியில் மட்டும் பகிர்கின்றன. 2017இன் பிற்பகுதியிலிருந்து வந்த வின்டோஸ் 10 பதிப்புகள் பலவற்றைப் புதிதாக நிறுவும்போது அந்த மொழி இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை என்பதால், பகிர்வே திறக்காமல் போகலாம். அதைத் திறப்பதற்காகக் கணினியில் எஸ்எம்பி 1ஐ மீண்டும் இயக்குவது பாதுகாப்பான செயல் அல்ல. கடவுச்சொல் இல்லாத பகிர்வுகளையும் அண்மைய வின்டோஸ் 11 பதிப்புகள் மறுக்கின்றன. பரீட்சித்துப் பார்க்க இந்த வழி நல்லது, குடும்பத்தின் ஒரே பிரதியை வைக்க அல்ல.

வேகத்தைக் கணிக்கும்போது கோப்புகளின் தன்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4 கிகாபைட் வீடியோ ஒன்றும், அதே அளவு வரும் 10,000 வட்ஸ்அப் படங்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒவ்வொரு கோப்பையும் திறக்க, எழுத, மூட எனக் கணினியும் நாஸும் பலமுறை கேட்டுப் பதில் பெறுகின்றன. ஒரு கோப்புக்குப் பத்துச் சுற்று, வைஃபையில் ஒரு சுற்றுக்கு 3 மில்லிசெக்கன் என்று வைத்தால், காத்திருப்பு மட்டுமே 300 செக்கன். கம்பியில் ஒரு சுற்று பொதுவாக ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. பழைய படங்களை ஏற்றும்போது ஒவ்வோர் ஆண்டையும் ஒரே சிப் (zip) கோப்பாகச் சுருட்டி அனுப்பி நாஸிலேயே பிரித்துக்கொள்வது வைஃபையின் இந்தப் பலவீனத்தைச் சுற்றிப் போகும் வழி.

தெரிவு செய்வதற்கு, முதல் ஏற்றத்தையும் அன்றாட ஏற்றத்தையும் வெவ்வேறாகக் கணக்கிட வேண்டும். 200 கிகாபைட் முதல் ஏற்றம் கிகாபிட் கம்பியில் அரை மணித்தியாலம். ஒரு கற்சுவருக்கு அப்பால் 20 மெகாபைட் வைஃபையில் ஏறத்தாழ 2 மணித்தியாலம் 45 நிமிடம். 100 மெகாபிட் துளையில் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. வாழ்நாளில் ஒருமுறை செய்யும் இந்த வேலைக்காக வீடு முழுவதும் கம்பி இழுப்பது வீண்செலவு. மடிக்கணினியை ஓர் இரவு நாஸுக்கு அருகில் கொண்டுவைத்து, இரண்டு மீற்றர் கம்பியால் சுவிட்சில் இணைத்தால் முடிந்தது. அதன்பின் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கிகாபைட் மட்டும் சேரும் குடும்பத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே போதும். கைத்தொலைபேசியில் எடுத்த 4கே வீடியோவை நாஸிலிருந்து பார்க்கச் செக்கனுக்கு 6 அல்லது 7 மெகாபைட்டே தேவை.

வார இறுதிதோறும் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரின் கணக்கு வேறு. 128 கிகாபைட் அட்டை ஒன்றை 25 மெகாபைட் வைஃபையில் இறக்க 85 நிமிடம், கம்பியில் 20 நிமிடத்துக்கும் குறைவு. அவர் மேசைக்குக் கம்பி போயே ஆக வேண்டும். நாஸிலிருந்தே வீடியோவைத் தொகுக்கிறவருக்கும் அப்படியே. 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 2402 மெகாபிட் பேசும் வைஃபை 6 ரவுட்டரோ வைஃபை 7 ரவுட்டரோ இவர்களுக்குக் கம்பியின் மாற்றாகாது. நாஸின் துளை ஒரு கிகாபிட்டாக இருக்கும்வரை, காற்றில் எவ்வளவு வந்தாலும் 115 மெகாபைட்டில் வந்து நிற்கும்.

கம்பி வாங்குகிறவர் கெட் 5ஈ (Cat 5e), கெட் 6 (Cat 6) என்ற தரங்களில் எது வாங்கினாலும் கிகாபிட்டுக்குப் போதும். ஆனால் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம் அல்ல, முழுச் செம்புதான் என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் ஓடும் கம்பிக்கு இதற்கு மேல் கவனம் தேவையில்லை. கடைக்கும் வீட்டுக்கும் இடையே, அல்லது பங்களாவுக்கும் அதன் அலுவலக அறைக்கும் இடையே வெளியில் செப்புக் கம்பி இழுப்பதுதான் ஆபத்தானது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாலைகளில் இடி மின்னல் மலைகளில் கடுமையாக இருக்கும். மின்னல் நேரடியாக விழாமல் அருகில் விழுந்தாலே அந்தக் கம்பியில் எழும் மின்னழுத்தம் இரு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். உலோகத் தாங்குகம்பி இல்லாத ஃபைபர் கம்பியைக் கட்டடங்களுக்கு இடையே இழுத்து, இரு முனையிலும், செப்புக் கம்பியின் தரவை ஒளியாகவும் ஒளியை மீண்டும் அப்படியேயும் மாற்றும் மீடியா கன்வேர்ட்டர் ஒவ்வொன்றை வைத்தால், மின்சாரம் கடக்க வழியே இராது, வேகமும் முழுக் கிகாபிட்டாகவே இருக்கும். அந்தக் கன்வேர்ட்டர்கள் இரண்டும் மின்சாரத்தில் இயங்குபவை. நாஸுக்கு யூபிஎஸ் வாங்கும்போது, சுவிட்சோடு சேர்த்து நாஸ் பக்கத்து கன்வேர்ட்டரையும் அதிலேயே இணைத்து, மறுமுனைக் கன்வேர்ட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸைத் தனியே ஒதுக்க வேண்டும்.